கல்லறைத் திருநாளில் கேமராவை எப்போது வெளியே எடுப்பது?

கேள்வி: கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை நினைவுகூரும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் படமெடுக்க ஆசை. போன வருடம் இரவு ஏழரைக்குப் போனேன். எல்லாமே கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகளாக வந்தன. கையில் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறது. நான் கிறிஸ்தவன் இல்லை. அழுகிறவர்களை எடுக்கலாமா என்ற தயக்கமும் உண்டு.

பதில்: லென்ஸ் நல்ல லென்ஸ்தான், நீங்கள் போன நேரம்தான் சரியில்லை. நவம்பர் தொடக்கத்தில் சென்னைப் பக்கம் 5.40-ஐ ஒட்டிப் பொழுது சாய்கிறது. அதற்குப் பிறகு சுமார் இருபது நிமிடம் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். கல்லறைகளில் ஏற்றியிருக்கும் மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு அந்த நீலம் ஈடாக நிற்கும்போதுதான் முகம், பூ, சிலுவை எல்லாம் ஒரே படத்தில் தெரியும்.

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 2, ஷட்டர் 1/100 வினாடி என்று தொடங்குங்கள். இருட்ட இருட்ட ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றுங்கள். வெளிச்சத்தை முகத்தில் அளந்துகொள்ளுங்கள். சுடர் கொஞ்சம் வெளுத்தால் பரவாயில்லை. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) ஆட்டோவில் விட்டால் சுடரின் மஞ்சளைக் கேமரா தணித்துவிடும். 3500 முதல் 4000 கெல்வினுக்குள் நீங்களே வையுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. பலர் மறப்பது இன்னொன்று: ஃபோகஸுக்காகக் கேமரா தானாக அடிக்கும் சின்ன விளக்கு. ஜெபிக்கிறவர் கண்ணில் அது பளிச்சென்று விழும், மெனுவில் அணைத்துவிடுங்கள். டிரைபாடும் வேண்டாம், கல்லறைகளுக்கு நடுவே ஆள் நடக்கவே இடமிருக்காது. பருவமழைக் காலம் என்பதால் குடையும் லென்ஸ் துடைக்கத் துணியும் அவசியம்.

இனி உங்கள் தயக்கம். இரண்டு நாள் முன்பே பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அன்று மதியம் மூன்று மணிக்கே போய்விடுங்கள். புல் பிடுங்குவார்கள், கல்லைக் கழுவுவார்கள், சாமந்தியைச் சிலுவை வடிவில் அடுக்குவார்கள். ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுங்கள், கேமரா முதலில் பைக்குள்ளேயே இருக்கட்டும். என்னைக் கேட்டால், மெழுகுவர்த்திக் கடலைவிட இந்த மதிய வேலைதான் நல்ல படம். அதை எடுக்கத்தான் ஆளில்லை. அப்படி ஒரு மதியம் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரரையும் ஒண்ணு எடுப்பா” என்றார். கையால் காட்டியது கல்லறையை.

அழுகிற முகத்தை நான் எடுப்பதில்லை. கல்லில் ஊன்றிய கை, தீப்பெட்டி உரசும் விரல், பாட்டியின் தோளில் தூங்கிவிட்ட குழந்தை என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது அவருக்கு முன்னால் பின்னோக்கி நடக்காதீர்கள். கால் அடுத்த கல்லறையில் இடறும். பெயரும் தேதியும் தெளிவாகத் தெரியும் கல்லறைப் படத்தை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள்.

எடுத்ததில் நல்லதாக நாலைந்தைப் பிரிண்ட் போட்டு வையுங்கள். அடுத்த நவம்பர் 2 அன்று அதே கல்லறைக்கு அதே ஆட்கள் வருவார்கள், கொடுத்துவிடலாம்.