கணினிக் கேள்வி பதில்: பொருளடக்கத்தில் எத்தனை நிலை?

கேள்வி: செம்பனை மில்லில் லோரி நிறுக்கும் மென்பொருளுக்கு வேர்டில் உதவிக் கையேடு எழுதி, இணையத்தில் ஏற்றப் போகிறோம். பொருளடக்கம் போட்டால் சில தலைப்புகள் வரவே இல்லை. சில இடங்களில் பத்தி முழுவதும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை நிலை காட்டுவது என்றும் தெரியவில்லை.
- தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: வராத தலைப்புகளெல்லாம் வெறுமனே தடித்த எழுத்தில் இருக்கும். கண்ணுக்கு அது தலைப்பு, வேர்டுக்குச் சாதாரணப் பத்தி. அந்த வரியில் கர்சரை வைத்து, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1 தட்டினால் ஹெடிங் 1 ஆகும்; 2, 3 தட்டினால் அடுத்த நிலைகள். எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று ஹெடிங் 2 வரவேண்டிய இடத்தில் ஹெடிங் 4-ஐப் போடாதீர்கள். ஸ்டைலின் எழுத்தளவைக் குறையுங்கள். இணையத்தில் ஏறும்போது இந்த நிலைகள்தான் ஹெச்1, ஹெச்2 என்று மாறுகின்றன. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் எண் விசையைத் தட்டி அந்தந்த நிலைத் தலைப்புக்குத் தாவுகிறார்கள். நடுவில் ஒரு நிலை இல்லாவிட்டால், எதையோ விட்டுவிட்டோம் என்று திரும்பத் தேடுவார்கள்.

பத்தி முழுவதும் வருவது பெரும்பாலும் ஷிஃப்ட்-என்டரால். வரி மாறும், பத்தி மாறாது. கீழேயுள்ள விளக்கமும் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். ஹோம் பட்டையில் பத்திக்குறியை அழுத்துங்கள், வரி முடிவில் வளைந்த அம்பு தெரியும். அதை அழித்து என்டர் தட்டி, விளக்கத்துக்கு நார்மல் ஸ்டைல் கொடுங்கள். அம்பு இல்லையென்றால் பாராகிராஃப் பெட்டியில் அவுட்லைன் லெவலைப் பாருங்கள். அங்கே பாடி டெக்ஸ்ட் என்று இருக்கவேண்டும். படத்துக்கு ஹெடிங் ஸ்டைல் விழுந்திருந்தால் பொருளடக்கத்தில் படமே வந்து நிற்கும்.

நிலைக்கு வருவோம். ரெஃபரன்சஸ், டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ், கஸ்டம் என்று போனால் ஷோ லெவல்ஸ் 3 என்றிருக்கும். உங்களுக்கு 2 போதும். கையேட்டுக்குள் மூன்றாம் நிலைத் தலைப்பு தாராளமாக இருக்கட்டும், பொருளடக்கத்தில் வேண்டாம். கைப்பேசியில் திறப்பவர் விரலால் தள்ளியே களைத்துப்போவார். ‘லோரி எடை’ ஹெடிங் 1. ‘குலையோடு நிறுப்பது’, ‘காலி லோரியை நிறுப்பது’, ‘டிக்கெட் அச்சடிப்பது’ எல்லாம் ஹெடிங் 2. ‘டிக்கெட்டில் எடை தவறாக விழுந்தால்’ என்பதைப் பலரும் அச்சடிப்பதற்குக் கீழே ஹெடிங் 3-இல் போட்டுவிடுவார்கள். அதையும் ஹெடிங் 2 ஆக்குங்கள். பின்னால் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும்போது கிராணி தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

மாற்றிய பிறகு பொருளடக்கத்தின் மேல் எஃப்9 தட்டி, ‘அப்டேட் என்டயர் டேபிள்’ தேர்ந்தெடுங்கள். பக்க எண்ணை மட்டும் புதுப்பித்தால் புதுத் தலைப்பு வராது.

கேள்வி: வேர்டு இல்லாமல், சாதாரண எழுத்துக் கோப்புகளை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ் மென்பொருளில் எழுதினால் பொருளடக்க நிலையை எங்கே குறைப்பது?
- கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: அமைப்புக் கோப்பில் மார்க்டவுன் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில், டிஓசி (பொருளடக்கம்) என்பதன் கீழ், ‘டிஓசி அண்டர்ஸ்கோர் டெப்த்’ என்று எழுதி 3 கொடுங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டால் 6 நிலையும் வரும். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும். டேப் தட்டினால் கோப்பு திறக்காமல் பிழை காட்டும். பக்கங்களின் வரிசை இதில் மாறாது, அதை நாவ் பகுதியில் தனியாக எழுதவேண்டும்.