ஷாகா ஜூலு மாவீரனா, கொடுங்கோலனா?

தென்னாப்பிரிக்காவின் ஜூலு ராஜா ஷாகா மாவீரனா, கொடுங்கோலனா என்று கேட்டிருக்கிறீர்கள். தாய் இறந்த துக்கத்தில் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்ற ராஜா என்று யாரோ சொன்ன காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நாட்டு டர்பன் நகரத்தில் வேலை பார்த்தபோது நானும் அதையே நம்பி, உடன் வேலை பார்த்த ஜூலு நண்பரிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "அதை யார் எழுதினது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1827இல் தாய் நாண்டி இறந்தபோது சுமார் 7,000 பேர் செத்தார்கள் என்று எழுதியவர் ஹென்றி ஃபின். டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியில் யானைத் தந்த வியாபாரத்துக்கு வந்த வெள்ளைக்காரர். அவருடைய கூட்டாளி நேத்தனியல் ஐசக்ஸ் 1832இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தகம் எழுதும்போது ஜூலு ராஜாக்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ரத்தவெறியர்களாகக் காட்டச் சொல்கிறது அது. காரணம் இதுதான்: நேட்டாலை பிரிட்டன் எடுத்துக்கொண்டால் இவர்களுக்கு நிலமும் வியாபாரமும் கிடைக்கும்.

ஆதாயம் இருந்தால் மனிதர்கள் எதையும் எழுதுவார்கள்.

உடனே "கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்று எழுத வேண்டாம். ஷாகா கொல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபின் சொன்ன எண்ணிக்கையை அப்படியே விழுங்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அவர் வளர்ந்த விதத்தையும் பாருங்கள். தந்தை செஞ்சங்ககோனா வீட்டில் இடமில்லாமல் தாயோடு அலைந்த பிள்ளை. ம்தெத்வா என்ற இன்னொரு குலத்தின் தலைவர் டிங்கிஸ்வாயோவின் படையில் சிப்பாயாகச் சேர்ந்து பேர் எடுத்தார். 1816இல் ஜூலு தலைவரானபோது அது ஒரு சின்னக் குலம். எறிகிற ஈட்டியை நம்பாமல், நெருங்கிக் குத்தும் குட்டை ஈட்டியைக் கொடுத்துப் படையைப் பழக்கினார். மாட்டுத் தலைபோல அணிவகுப்பு: நடுவே மார்பு எதிரியை நேராக மோதும், இரு கொம்புகளும் பக்கவாட்டில் சுற்றி வளைக்கும். டிங்கிஸ்வாயோவை, எதிரிக் குலமான ந்த்வாண்ட்வேயின் தலைவர் ஸ்விடே கொன்றபின், சிதறிய ம்தெத்வாக்களையும் சேர்த்துக்கொண்டு அந்த ந்த்வாண்ட்வேக்களையே ஷாகா முறியடித்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு அரசு எழும்பிவிட்டது. 1828 செப்டம்பரில் அவரைக் குத்திக் கொன்றது வெளி எதிரி இல்லை, அப்பா ஒன்று, அம்மா வேறான தம்பிகள் டிங்கானேவும் ம்லங்கானாவும்.

அந்தக் கொலை நடந்த டுகுஸாவுக்கு நண்பரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். வழியெல்லாம் கரும்பு. 1860இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 24க்கும் ஜூலு மக்கள் கூடும் நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நண்பர் கல்லைத் தொட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

திரும்பும்போது காரில், நான் கேட்காமலே சொன்னார். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி ந்த்வாண்ட்வே வழியாம். ஷாகா பேரை வீட்டில் எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவாராம். சாகிறவரை அந்த நினைவிடத்துக்கு அவர் ஒரு தடவைகூட வந்ததில்லையாம்.