மாவுச்சத்தைக் குறைத்தால் எடையும் சர்க்கரையும் சேர்ந்து குறையுமா? எப்படித் தொடங்குவது?

டைப் 2 சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், எடையும் கூடுதலாக இருப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது. நேரடியான பதில்: பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் குறையும். ஆனால் ஒரே வேகத்தில் குறையாது. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை முதல் நாளிலேயே இறங்கிவிடும், எடைக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த முதல் நாள் வேகம்தான் சிலருக்கு ஆபத்தாகிறது. அதனால் தட்டில் கை வைக்கும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது இருந்தால், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வரும். "எனக்கு வெறும் மெட்ஃபார்மின்தான்" என்று நினைத்திருப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வழக்கமான அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை 70க்குக் கீழே போகக்கூடும்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். உணவைக் குறைக்கும் அதே நாளில் மருந்தையும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் இறங்கிவிட்டால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. அந்த நேரத்தில் உணவுமுறையை நினைத்துத் தயங்கவே கூடாது.

அதைவிட விவரம் தெரிந்திருக்க வேண்டிய மருந்து டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் வகை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் இவை. இவற்றோடு மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும். மீட்டர் 180 என்றுதான் காட்டும், உடம்போ கீட்டோ அசிடோசிஸில் இருக்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, இவை தெரிந்தால் சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அவசர சிகிச்சைக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மட்டும், அல்லது அதோடு சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் முதல் சில வாரங்கள் வீட்டிலேயே அழுத்தம் பாருங்கள், அதுவும் இறங்கும்.

இனி எவ்வளவு குறைப்பது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைந்த மாவுச்சத்து உணவு என்று கணக்கு. 50 கிராமுக்குக் கீழே போனால் அது கீட்டோ. எடுத்த எடுப்பில் கீட்டோவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. 100 முதல் 130 கிராமில் இரண்டு மூன்று வாரம் இருங்கள், மீட்டர் என்ன சொல்கிறதென்று பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம்.

கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம், சமைத்ததையும் சமைக்காததையும் குழப்பிக்கொள்வது. 100 கிராம் வேகாத அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து. அதே அரிசி வெந்து சோறானபின், 100 கிராம் சோற்றில் 28 கிராம்தான். எந்த எடைக்கு எந்த அட்டவணை என்று தெரியாமல் கூட்டினால் கணக்கு மூன்று மடங்கு பிசகும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, முதல் பத்து நாளாவது நிறுத்துச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டுக் கரண்டி ஒன்றுக்குச் சோறு எத்தனை கிராம் என்று தெரிந்துவிட்டால் பிறகு தராசு வேண்டாம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20, ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15, நடுத்தர வாழைப்பழத்தில் 27, நடுத்தர ஆப்பிளில் 25, ஒரு கோப்பைப் பாலில் 12 கிராம். முட்டையில் அரை கிராம் அளவு. மீன், கோழி, ஆட்டிறைச்சியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கீரை, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், வெள்ளரி, கத்தரிக்காய் எல்லாம் 100 கிராமுக்கு 3 முதல் 6 கிராம், அதிலும் ஒரு பங்கு நார்ச்சத்து.

சிறுதானியம், ஓட்ஸ், முழுக்கோதுமை பற்றித் தவறாமல் கேள்வி வரும். இவற்றில் நார்ச்சத்து கூடுதல். சர்க்கரை ஏறும் வேகம் ஓரளவு குறையும். ஆனால் மாவுச்சத்தின் மொத்த அளவு அரிசியைவிடப் பெரிதாகக் குறைந்ததல்ல. மாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் அளவைக் கூட்டினால் பலன் போய்விடும். சர்க்கரை சேர்க்காதது என்று போட்ட பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது; உறைக்குப் பின்னால் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது குளுக்கோஸைப் போலவே வேகமாக ஏறும்.

குறைப்பதைப் பற்றியே பேசி, எதைக் கூட்டுவது என்பதை விட்டுவிடுவதால்தான் பலர் மூன்றாம் வாரத்தில் கைவிடுகிறார்கள். பசி தாங்காது. உங்கள் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ என்றால் தினம் 80 முதல் 95 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் வரும் என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று புரியும். சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம், மீனில் 20 முதல் 25. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம் கிடைக்கும்போது 20 கிராம் மாவுச்சத்தும் கூடவே வந்துவிடும், அதில் 8 கிராம் நார். அவர்கள் டோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி), பால்கட்டி, சோயா, கெட்டித் தயிர், வேர்க்கடலை, பாதாம் ஆகியவற்றைக் கொண்டுதான் இலக்கை எட்ட வேண்டும். சைவர்களுக்கு 50 கிராம் என்ற இலக்கு அநேகமாகத் துன்பம்; 100 கிராமை ஒட்டி இருப்பதே நெடுநாள் நிற்கும். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் இந்தப் புரத அளவைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

ஒரு நாள் எப்படியிருக்கும் என்றால்: காலையில் மூன்று முட்டை, வதக்கிய காய், 100 கிராம் தயிர், இதில் 12 கிராம் மாவுச்சத்து. மதியம் 100 கிராம் சோறு, 150 கிராம் மீன் அல்லது கோழி, 200 கிராம் காய்கறி, 38. மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பாதி ஆப்பிள், 18. இரவு வெந்த பருப்பு அல்லது கொண்டைக்கடலை 100 கிராம், டோஃபு, 200 கிராம் காய், 35. கூட்டினால் 103.

இப்போது மீட்டர். எந்த உணவு உங்களுக்கு ஏற்றது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. ஒரே அளவு சோறு ஒருவருக்கு 30 ஏற்றும், இன்னொருவருக்கு 90 ஏற்றும். முதல் வாய்க்கு முன்பு ஒரு முறை, முதல் வாயிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 40க்குள் இருந்தால் அந்த உணவு அந்த அளவில் சரி. 60ஐத் தாண்டினால் அதிலுள்ள மாவுப் பகுதியைப் பாதியாக்கி இன்னொரு நாள் சோதியுங்கள். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். பழம் நறுக்கிய விரலில் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சாறே அளவை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் வரை பிசகு உண்டு. 150 என்று காட்டியது 130 ஆகவும் இருக்கலாம், 170 ஆகவும் இருக்கலாம். ஆகவே ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காமல், ஒரே உணவை மூன்று முறை சோதித்து முடிவு செய்யுங்கள்.

அதே தட்டிலேயே ஏற்றத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுப்பது ஒன்று. சாப்பிட்டு எழுந்ததும் 10 முதல் 15 நிமிடம் நடப்பது மற்றொன்று. இரண்டுக்கும் செலவே இல்லை, பலன் அன்றைக்கே மீட்டரில் தெரியும்.

காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் அசையவே இல்லை என்று பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அதுதான் கடைசியில் இறங்கும். விடியற்காலையில் கார்டிசோல் முதலான ஹார்மோன்கள் ஏற, கல்லீரல் தானாகவே குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிடக் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதே அந்த எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எடை குறைந்து கல்லீரல் கொழுப்பு கரையும்போது அதுவும் இறங்கும். அதுவரை சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையையும் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுக்கும் சோதனை யாராவது எழுதிக் கொடுத்தால், குறைந்த மாவுச்சத்தில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்காவிட்டால் அந்த முடிவு பொய்யாக உயர்ந்து வரும்.

எடைக்கு வருவோம். முதல் வாரத்தில் இரண்டு கிலோ போனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாக மாற்றிச் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. சேமிப்பு கரைந்ததும் அதுவும் வெளியேறுகிறது. இரண்டாம் வாரத்தில் வேகம் நின்றுவிட்டதே என்று பதற வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம்.

"மாவுச்சத்துதான் இல்லையே, எண்ணெயும் வெண்ணெயும் எவ்வளவு வேண்டுமானாலும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 120 கலோரி, 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580. 2018இல் வெளியான டயட்ஃபிட்ஸ் ஆய்வில் 609 பேரைக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். சராசரியாக 5.3 கிலோவும் 6 கிலோவும் குறைந்தன. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. பசி அடங்கிக் குறைவாகச் சாப்பிடுவதுதான் எடைக் குறைப்பின் காரணம், மாயம் ஒன்றுமில்லை. எடை குறைவது நின்றுவிட்டால் முதலில் பாதாம், வேர்க்கடலை போன்ற கொட்டைகளையும் எண்ணெயையும் அளந்து பாருங்கள். அநேகமாக அங்கேதான் விடை கிடைக்கும்.

சர்க்கரை அடங்கிவிட்டதென்று எடையை விட்டுவிடவும் கூடாது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் கொடுத்தது தினம் 850 கலோரி அளவுள்ள மாற்று உணவு. அது மாவுச்சத்தைக் குறிவைத்த முறை அல்ல. ஓராண்டு முடிவில் அதைப் பின்பற்றியவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஆகவே மாவுச்சத்தைக் குறைப்பது இன்றைய ஏற்றத்தை அடக்குகிறது. நோயின் வேரை அசைப்பது எடை.

முதல் வாரத்தில் தலைவலி, தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு வரலாம். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுவதே காரணம். உப்பிட்ட சூப் ஒரு கிண்ணமும் போதுமான தண்ணீரும் குடித்தால் பெரும்பாலும் சரியாகும். இதய, சிறுநீரக நோயாளிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. மலச்சிக்கலுக்குக் காயைக் கூட்டுங்கள். பார்வை சில வாரம் மங்கலாகலாம், கண் லென்ஸில் நீர் அளவு மாறுவதால். அந்தச் சமயத்தில் புதுக் கண்ணாடி போடாதீர்கள், சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் பவர் மறுபடி மாறும். எச்பிஏ1சி 10க்கு மேல் நெடுநாள் இருந்தவர்கள் தொடங்கும் முன்பே விழித்திரைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாவதுண்டு. யூரிக் அமில மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் வலி கிளம்பலாம்.

தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பாருங்கள். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அநேகமாக இறங்கியிருக்கும். சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் மட்டும் பெரிதாக ஏறியிருக்கும். வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சியைக் குறைத்து மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் பக்கம் மாறுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். "நல்ல வகை எல்டிஎல்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், டைப் 1 உள்ளவர்கள், உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது போன்ற மனநலச் சிக்கல்) இருந்தவர்கள் இதை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் செய்யவே கூடாது.

இலக்கு எடைக்கு வந்தபின் வாரத்துக்கு 10 கிராம் என்று மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டு மணி நேர அளவு ஏறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரையையும் நிறுத்தி மூன்று மாதமாகியும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் அதை நோய்த் தணிவு என்கிறார்கள். அப்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி பார்க்க வேண்டும். விழித்திரை, சிறுநீரகம், பாதப் பரிசோதனைகளும் தொடர வேண்டும்.