ஒரு காரணம் விழுந்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசகர் வட்டத்தில் ‘நாஞ்சில் நாட்டு நெல்வயல்களை வீட்டுமனையாக்க அனுமதிக்கக் கூடாது’ என்ற வாதத்தை வரைபடமாக்கினோம். மேலே முடிவு, அதன் கீழே, தனித்தனி அம்புக்குறிகளுடன் நான்கு காரணங்கள்: வயல் மழைநீரை நிலத்தடிக்கு அனுப்புகிறது, ஊர்க் கிணறுகள் அந்த நீரை நம்பியுள்ளன, உள்ளூர் நெல் குறையும், பண்பாடு. ‘கிணறுகளுக்கு நீர் தருபவை குளங்களே’ என்று ஒருவர் இரண்டாவதை மறுத்து, வாதமே போயிற்று என்றார். மூன்று காரணங்கள் மிச்சமுள்ளன என்றார் மற்றவர். யார் சொல்வது சரி?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

மிஞ்சுபவை இரண்டு. உங்கள் படத்தில் முதல் இரண்டும் தனிக் காரணங்களாக நிற்கின்றன. உண்மையில் அவை அடுப்புக்கற்களைப் போல ஒன்றையொன்று வேண்டுபவை. வயல் நீரை நிலத்தடிக்கு அனுப்புகிறது என்பது மட்டும் கிணற்றைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. இரண்டும் சேரும்போதுதான் ‘வயல் போனால் கிணற்று நீர் குறையும்’ என்ற இடைமுடிவு கிடைக்கும். ஆகவே அவ்விரண்டையும் ஒரே அம்புக்குறியின் கீழ் இணைத்து, இடைமுடிவுக்குத் தனிப் பெட்டி கொடுங்கள். ஒன்று வீழ்ந்தால் மற்றதும் பயனற்றுப்போகும். நெல்லும் பண்பாடும் அதனால் பாதிக்கப்படுவதில்லை.

அவை மட்டும் உறுதியாக நிற்கின்றனவா என்பது வேறு கேள்வி. முடிவில் வரும் முக்கியச் சொல் ஒவ்வொன்றும் கீழேயுள்ள காரணங்களில் எங்காவது இருக்க வேண்டும் என்பது வாதங்களை வரைபடமாக்கும் இக்கலையின் அடிப்படை விதி. ‘உள்ளூர் நெல் குறையும்’ என்பதில் ‘அனுமதிக்கக் கூடாது’ என்பதற்கு இடமே இல்லை. எனவே ‘உள்ளூர் நெல்லைக் குறைக்கும் எதையும் அனுமதிக்கக் கூடாது’ என்ற சொல்லப்படாத துணைக்காரணம் ஒன்று மறைந்திருக்கிறது. அதை எழுதிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் மாறியிருக்க, அவற்றையும் தடுக்க உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? பெரும்பாலான வாதங்கள் இப்படி எழுதப்படாத பெட்டியில்தான் பலவீனமாக இருக்கின்றன. ‘பண்பாடு’ என்பதோ வெறும் சொல். முழு வாக்கியமாகும்வரை அதை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

மறுப்பையும் அதற்குரிய பெட்டியில்தான் இணைக்க வேண்டும். 1913இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் விக்மோர் வழக்குச் சாட்சியங்களை இவ்வாறு படமாக்கிக் காட்டினார் என்பார்கள். ஆனால் மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப் போலி (கூற்றில் பிழை), ஏதுப் போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று பிழை நிற்கும் உறுப்பைப் பிரித்துக் காட்டுவதை நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் படித்திருந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உங்கள் நண்பரின் மறுப்பு இரண்டாம் பெட்டிக்கு உரியது. அதுவும் ஒரு கூற்றாகையால் அதற்கும் காரணம் வேண்டும். ஒரே குளத்தின் ஆயக்கட்டில், இன்னும் கன்னிப்பூ (முதல் போக நெல்) நடும் வயலோரக் கிணறுகளையும், மண்ணிட்டு நிரப்பிய மனையோரக் கிணறுகளையும் அளந்துவரும்படி அவரிடம் சொல்லுங்கள்; அதுவரை அந்தப் பெட்டியில் கேள்விக்குறி நிற்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்