அப்பா வானத்தைப் பார்க்கட்டும், நீங்கள் புள்ளிக்கணக்கைப் பாருங்கள்

கேள்வி: நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன். ஃபார்முலா கார் பந்தயத்தில் தொடக்கநிலைப் பிரிவில் ஓட்டுகிறேன். சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பந்தயம் நவம்பரில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நடக்கிறது. மொத்தம் 12 சுற்று. புள்ளிகள் 10, 8, 6, 5, 4, 3 என்று இறங்கும். இப்போது நான் 3 புள்ளி முன்னால் இருக்கிறேன். மழை டயர் போட அனுமதி உண்டு. வானம் இரண்டுங்கெட்டானாக இருந்தால் எந்த டயரில் கிளம்புவது? பாதியில் மழை பிடித்தால் உள்ளே வந்து மாற்றலாமா? என் அப்பா கடலுக்குப் போகிறவர், மேகத்தைப் பார்த்தே மழை வரும் நேரத்தைச் சொல்லிவிடுவார். அவரை அழைத்துப் போனால் பயன் உண்டா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கேள்விதான். அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தாளை எடுங்கள். எதிராளி முதலில் வந்தால் அவருக்கு 10. நீங்கள் இரண்டாவதாக வந்தால் 8, கையிருப்பு 3 சேர்ந்து 11. பட்டம் உங்களுக்கு. மூன்றாவதாக வந்தால் 9, போயிற்று. அவர் இரண்டாவது என்றால் நீங்கள் மூன்றாவதாக வந்தால் போதும். நான்காவதாக வந்தால் 8க்கு 8, சமன். சமனானால் அதிக வெற்றி யாருக்கு என்று பார்ப்பதுதான் பொது வழக்கம், உங்கள் விதிப்புத்தகத்தில் சரிபாருங்கள். அவர் மூன்றாவது என்றால் நீங்கள் ஐந்தாவதாக வந்தாலும் கோப்பை தங்கச்சிமடத்துக்கு வரும்.

நீங்கள் ஜெயித்தே ஆக வேண்டும் என்று இதில் எந்த வரியும் சொல்லவில்லை. ஆகவே டயர் பற்றி என் பதில்: எதிராளி எதைப் போடுகிறாரோ அதையே போடுங்கள். அது தவறான டயராக இருந்தாலும் சரி. இருவரும் ஒரே தவறைச் செய்தால் இருவரும் சேர்ந்தே பின்னுக்குப் போவீர்கள், 3 புள்ளி பத்திரமாக இருக்கும். துணிந்து சூதாட வேண்டியவர் பின்னால் இருப்பவர். அது அவருக்கும் தெரியும், கடைசி நேரம் வரை தன் டயரைக் காட்டமாட்டார். நீங்களும் இரண்டு செட்டையும் காற்று பார்த்துத் தயாராக வைத்திருங்கள். மாற்ற முடியாத நேரத்தில் அவர் வேறு டயருக்குப் போய்விட்டால் அவரைத் துரத்த வேண்டாம். முன்வரிசைக் கார்களில் பெரும்பாலானவை எதில் நிற்கின்றனவோ அதிலேயே நில்லுங்கள்.

இந்த உத்தியில் ஓர் ஓட்டை உண்டு. மூன்றாவது ஆள். 2008ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் கடைசிப் பந்தயம் பிரேசிலின் இன்டர்லாகோஸில் நடந்தது. லூயிஸ் ஹாமில்டன் 7 புள்ளி முன்னிலையில் இருந்தார், ஐந்தாவதாக வந்தால் போதும். கடைசிச் சில சுற்றுகளில் மழை பிடித்தது. அவரும், பட்டத்துக்கு அவரோடு மோதிய மாஸாவும் மழைக்கான டயருக்கு மாறினார்கள். பட்டத்தோடு சம்பந்தமே இல்லாத டிமோ கிளாக் மாறாமல் ஓட்டினார். அதற்குள் வெட்டல் என்ற இன்னொரு ஓட்டுநரும் முந்திவிட, ஹாமில்டன் ஆறாவது இடத்துக்கு விழுந்தார். மாஸா முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார், அவர் குழு கொண்டாடத் தொடங்கியது. ஈரத்தில் தடுமாறிய கிளாக்கை ஹாமில்டன் கடைசி வளைவில் பிடித்தார். 98க்கு 97, பட்டம் ஹாமில்டனுக்கு. ஆகவே எதிராளியை மட்டும் பார்க்காமல், உங்களுக்குத் தேவையான இடத்தில் யார் ஓடுகிறார் என்பதையும் பிட்டிலிருந்து (கார் நின்று டயர் மாற்றும் இடம்) பலகையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பாதியில் டயர் மாற்றுவது பற்றி. தொலைக்காட்சியில் பார்ப்பதை மறந்துவிடுங்கள். அங்கே இருபது பேர் பாய்ந்து சக்கரத்தை மாற்றுகிறார்கள், உங்களுக்கு இரண்டு மெக்கானிக் இருந்தால் பெரிது. பயிற்சி நாளன்றே ஒரு தடவை நான்கு டயரையும் மாற்றி, பிட்டுக்குள் நுழைந்து வெளியேறும்வரை எவ்வளவு நேரம் இழக்கிறீர்கள் என்று ஸ்டாப் வாட்சில் பாருங்கள். 90 நொடி என்று வைத்துக்கொள்வோம். மழையில் சரியான டயர் சுற்றுக்கு 10 நொடி மிச்சப்படுத்தினால், இழந்ததை மீட்க 9 சுற்று வேண்டும். 12 சுற்றுப் பந்தயத்தில் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு வரும் மழைக்கு உள்ளே வருவது நஷ்டம். காரை ஓடுதளத்தில் வைத்திருக்கவே முடியாத அளவுக்குக் கொட்டினால் கணக்கு வேறு. அப்படிக் கொட்டினால் பெரும்பாலும் பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியே வந்துவிடும்.

சிவப்புக் கொடிக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் அன்று சிக்னல் சிவப்பாகிவிட்டது, ஓட்டுநரின் தைரியத்தை யாரும் கேட்டதில்லை. பந்தயத்திலும் அப்படியே. பாதியில் நின்றால் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு புள்ளி என்பதை முன்கூட்டியே படித்துவிடுங்கள். 2021இல் ஃபார்முலா ஒன் பெல்ஜியம் பந்தயம் மழையால், எல்லோரையும் மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்து, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். அந்த அரைப் புள்ளியோடுதான் பட்டத்துக்கு மோதிய வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் தலைக்கு 369.5 என்று சமமாகக் கடைசிப் பந்தயத்துக்குப் போனார்கள்.

ஈரத்தில் ஓட்டும் முறைக்கு வருகிறேன். எல்லோரும் ஓடி ரப்பர் படிந்த பாதை, வெயிலில் பிடிப்பு தரும், ஈரத்தில் வழுக்கும். அதை விட்டு விலகி, வளைவின் வெளிப்பக்கத்தைத் தேடுங்கள். ஓரத்தில் வண்ணம் பூசிய மேட்டில் சக்கரம் படக் கூடாது. முதல் தூறல்தான் மோசம், தூசியும் எண்ணெயும் மேலே மிதந்து வரும். பிரேக் விசையைக் கொஞ்சம் பின்சக்கரத்துக்குத் தள்ளுங்கள், ஏனென்றால் ஈரத்தில் மெதுவாகத்தான் நிறுத்த முடியும், முன்பக்கம் அவ்வளவு எடை ஏறாது. மழை டயர் அதிகம் சூடேறாது, அதனால் காற்றைச் சற்றுக் கூட்டி வையுங்கள். தளம் காயத் தொடங்கினால் அதே டயர் வெந்துபோகும், நேர்ப்பாதையில் தேங்கிய நீரில் ஓட்டிக் குளிர வைக்கலாம். 1976இல் ஃபார்முலா ஒன் கடைசிப் பந்தயத்தில், ஜப்பானின் ஃபியூஜியில், கொட்டும் மழையில் இரண்டு சுற்றோடு நிகி லௌடா இறங்கிவிட்டார். பட்டத்துக்கு அவரோடு மோதிய ஜேம்ஸ் ஹன்ட்டுக்கோ பின்னால் தளம் காய்ந்து டயர் தேய்ந்தது, கடைசியில் மாற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவதாக வந்து ஒரே புள்ளியில் பட்டத்தைப் பிடித்தார்.

ஈரத்தில் பழக ஆசைப்பட்டு அரிச்சல்முனைச் சாலைக்குப் போகாதீர்கள். இரவில் அங்கே சிலர் சீறிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். காற்று அள்ளிப் போடும் மணலில் சக்கரம் எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது, எதிரே சுற்றுலா வேன் வரும்.

இனி உங்கள் அப்பா. கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் ஒன்று: அவருடைய கணக்கு வடகடலையும் தென்கடலையும் இரண்டு பக்கம் வைத்துப் போட்ட கணக்கு. இருங்காட்டுக்கோட்டையில் கடல் கண்ணில் படாது, கிழக்கே சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. வாடைக் காலத்தில் மழை பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். எனவே முந்தின நாளே வரச்சொல்லி, பயிற்சி நடக்கும்போது அந்த ஊர் மேகத்தைப் பார்த்துப் பழக விடுங்கள். ஒரு மெக்கானிக் கைபேசியில் வானிலைத் துறையின் சென்னை ரேடார் படத்தைப் பார்க்கட்டும். அந்தப் படம் எப்போதும் சில நிமிடம் பழையது, அந்தச் சில நிமிடத்தை உங்கள் அப்பாவின் கண் நிரப்பும். பிட்டுக்குள் இரைச்சல், அங்கே நிறுத்த வேண்டாம். பார்வையாளர் பகுதியில் கிழக்கு வானம் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார வைத்து, கைபேசியில் ஒரே ஒரு செய்தி மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: எத்தனை சுற்றுக்குள் வரும்? ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்பதை முன்னாலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாழிகைக் கணக்கில் பதில் வரும்.