பிளைவுட் படகு: ஒட்டுவது பற்றிச் சில கேள்விகள்

12 அடிப் படகுக்குப் பலகை வெட்டுகிறேன். பிளைவுட் ஷீட் 8 அடிதான். எப்படி நீளமாக்குவது? (திருமங்கலம் வாசகர்)

பக்கப் பலகைகளுக்குச் சரிவு இணைப்பே போடுங்கள். சரிவின் நீளம் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்கு; 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. கீழே ஒரு ஷீட், அதன் ஓரத்திலிருந்து 48 மி.மீ. உள்ளே தள்ளி மேலே இன்னொன்று. இரண்டையும் சேர்த்து இழைப்புளியால் ஒரே சரிவாக இழையுங்கள். அப்புறம் மேல் ஷீட்டைப் புரட்டிப் போட்டால் சரிவோடு சரிவு பொருந்தும்.

இழைக்கும்போது பிளைவுட்டின் அடுக்குகள் பட்டைப் பட்டையாகத் தெரியும். அந்தக் கோடுகள்தான் உங்கள் மட்டப்பலகை. நேராக, ஓரத்துக்கு இணையாக ஓடினால் சரிவு சரி. எங்கே நெளிகிறதோ அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது.

முனைக்கு முனை வைத்துப் பின்னால் துண்டுப் பலகை ஒட்டுவதும் உறுதிதான். ஆனால் அந்த இடம் விறைத்துக்கொள்ளும், வளைவு அழகாக வராது. தட்டையான அடிப்பலகைக்கு அது போதும்.

கிளாம்ப் போட்டு நன்றாக இறுக்கித்தான் ஒட்டினேன். வளைத்ததும் பிரிந்துவிட்டது. ஏன்? (மேலூர் வாசகர்)

இறுக்கியதே காரணமாக இருக்கலாம். எபாக்ஸி (பிசினும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்து செய்யும் பசை) ஃபெவிகால் மாதிரி அல்ல. இடையில் மெல்லிய படலமாக அது தங்க வேண்டும். முழுப் பலத்தோடு இறுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். இழைத்த சரிவு பசையை நன்றாக உறிஞ்சவும் செய்யும். அதனால் முதலில் வெறும் எபாக்ஸியை இரண்டு பக்கமும் தடவுங்கள். வறண்டு மங்கும் இடத்தில் மறுபடி தடவுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே, சிலிக்காத் தூளோ சலித்த மரத்தூளோ கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பூசிச் சேருங்கள். ஓரமெல்லாம் லேசாகப் பிதுங்கும் அளவு அழுத்தம் போதும்.

பிரிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மரநார் கிழிந்து வந்திருந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது, மரம்தான் தோற்றது. நாரே வராமல் வறண்டு கிடந்தால் ஒட்டுக்குப் பசை போதவில்லை.

கப்பில் கலந்த எபாக்ஸி சூடாகிப் புகைந்தது! (மதுரை வாசகர்)

சித்திரை வெயிலில் நடக்கக்கூடியதே. குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள். நேரம் கிடைக்கட்டும் என்று ஹார்டனரைக் குறைத்து ஊற்றவே கூடாது, ஒட்டு கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும்.

நான் மாலையில்தான் பூசச் சொல்வேன். குளிரும் மரம் பசையை உள்ளே இழுக்கும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள்ளிருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழாகக் கிளம்பும்.

இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி வழவழப்பு?

தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவிக் காய்ந்த பிறகே உப்புத்தாள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

எப்போது கண்மாயில் இறக்கலாம்?

கடைசி ஒட்டுக்குப் பின் ஒரு வாரம் விடுங்கள். அதற்குள் இறக்க ஆசை வரும், பொறுங்கள். வெறும் எபாக்ஸி வெயிலில் கெட்டுப்போகும், பெயின்ட் அடித்த பிறகே இறக்குங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.