இரண்டு வில்சனும் ஒருவர்தான்

வணக்கம் நண்பரே. மகளின் பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு எடுக்கும்போது, சாரணர் இயக்கத்தை வழிநடத்திய ஜே.எஸ். வில்சனும் போர்க்கால உளவுப் பணியில் வரும் வில்சனும் ஒருவர்தானா என்று குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். ஒருவரேதான், தயங்காமல் எழுதச் சொல்லுங்கள்.

கல்கத்தாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது, 1917இல் அங்கேதான் சாரணர் இயக்கத்துக்குள் வந்தார். 1923 முதல் லண்டன் அருகே சாரணர் பயிற்சி மையமான கில்வெல் பூங்காவில் முகாம் தலைவர். இன்றைக்கும் உட் பேட்ஜ் என்கிற சாரணத் தலைவர்களுக்கான பயிற்சியை முடித்தவர்கள் தோல் கயிற்றில் இரண்டு சின்ன மரமணிகளைக் கழுத்தில் போட்டிருப்பார்களே, அந்தப் பயிற்சியை நாடு நாடாகக் கொண்டுபோனதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதுவரை சாரணர் இயக்கத்தின் பன்னாட்டுச் செயலகத்தை நடத்திய ஹூபர்ட் மார்ட்டின் 1938இல் இறந்த பிறகு அந்தப் பொறுப்பும் வந்து சேர்ந்தது, 1953 வரை பார்த்தார்.

நடுவில் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனின் ரகசிய நடவடிக்கைப் படையில் நார்வே பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1943 பிப்ரவரியில், ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கனநீரைத் தயாரித்த நார்வேயின் வெமோர்க் ஆலையைத் தகர்க்க, உறைபனியில் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிப்போன நார்வே இளைஞர்கள் அந்தப் பிரிவு அனுப்பியவர்கள்தான், ஒரு தோட்டாகூடச் சுடாமல் வேலையை முடித்தார்கள். ஆனால் மூன்று நிமிடப் பேச்சு என்றால் கனநீரை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, கல்கத்தாவுக்கு நேரம் கொடுங்கள். அப்புறம், மரமணியை மறக்க வேண்டாம், கிடைத்தால் மேடையில் கையில் பிடித்தே காட்டட்டும்.